கவுன்டர் கணினிகளில் நூலக மென்பொருள் ஹேங் ஆகிறது, எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

வழங்கல்மேசை:

வணக்கம். எங்கள் நூலகத்தில் கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருள் ஓடுகிறது. சர்வர் அதே கட்டடத்தில் இருக்கிறது, ஊழியர்கள் எல்லோரும் பிரவுசரில்தான் திறக்கிறோம். வழங்கல் கவுன்டரில் மூன்று கணினி, பட்டியலாக்கத்தில் இரண்டு. கொஞ்ச காலமாகப் புத்தகத்தை ஸ்கேன் செய்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, சில நேரம் பிரவுசரே வெள்ளையாகிப் பதிலளிக்கவில்லை என்று வருகிறது. மூடித் திறந்தால் சரியாகிறது, அப்புறம் மறுபடியும் அதே கதை. வரிசையில் நிற்பவர்களைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

பராமரிப்பு ஒப்பந்தக்காரர்கள் கணினிகள் பழசு, எல்லாவற்றையும் மாற்றுங்கள் என்கிறார்கள். எங்கள் கணினிப் பிரிவு சாஃப்ட்வேர்தான் கோளாறு, மறுபடி நிறுவ வேண்டும் என்கிறது. இரண்டுமே பெரிய செலவு, பெரிய வேலை. அதற்கு முன்னால் நாங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியது ஏதாவது உண்டா? நான் நூலகர், சர்வருக்குள் போக எனக்கு அனுமதி இல்லை, ஆனால் கேட்டால் பார்த்துச் சொல்ல ஆள் இருக்கிறார்.

சர்வர்ரூம்:

வட்டம் சுற்றுவதும் பிரவுசர் வெள்ளையாவதும் ஒரே கோளாறு இல்லை. வட்டம் சுற்றினால் உங்கள் கணினி பதிலுக்காகக் காத்திருக்கிறது, தாமதம் சர்வரிலோ வழியிலோ இருக்கிறது. பிரவுசரே வெள்ளையாகி எந்தப் பட்டனும் வேலை செய்யவில்லை என்றால் பெரும்பாலும் அந்தக் கணினிக்குள் ஏதோ நடக்கிறது. இரண்டையும் ஹேங் என்று ஒரே சொல்லில் எழுதிக் கொடுப்பதால்தான் ஒரு தரப்பு கணினியையும் இன்னொரு தரப்பு சாஃப்ட்வேரையும் கைகாட்டுகிறது.

எல்லாக் கணினியும் ஒரே நேரத்தில் நிற்கின்றனவா, ஒன்று மட்டுமா? நாளில் குறிப்பிட்ட நேரம் இருக்கிறதா? பார்கோடு வைத்து இஷ்யூ, ரிட்டர்ன் செய்யும்போது நிற்கிறதா, தலைப்பு போட்டுத் தேடும்போதா? இந்தக் கடைசிக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. கோஹாவில் பார்கோடு நேராக மரியாடிபி டேட்டாபேஸுக்குப் போகும், தலைப்பு, ஆசிரியர் தேடலோ ஜீப்ரா அல்லது எலாஸ்டிக்சர்ச் என்ற தனித் தேடுபொறிக்குப் போகும். இரண்டில் ஒன்று மட்டும் மெதுவாக இருந்தால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

பட்டியலறை:

மேலே கேட்டதற்கெல்லாம் நினைவிலிருந்து பதில் சொல்லாதீர்கள் மேடம். ஒவ்வொரு கவுன்டரிலும் ஒரு நோட்டு வையுங்கள். மணி, எந்தக் கணினி, அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்கள், பக்கத்துக் கணினியும் நின்றதா, இவ்வளவு எழுதினால் போதும். கேட்டால் எல்லோரும் எப்போதும் ஸ்லோதான் என்பார்கள், எழுதிப் பார்த்தால்தான் அது எப்போதும் இல்லை என்று தெரியும்.

இன்னொன்று, இது வேகத்தைவிட முக்கியம். பார்கோடு ஸ்கேனரைக் கணினி ஒரு கீபோர்டாகத்தான் பார்க்கிறது, எண்ணை டைப் செய்து கடைசியில் என்டர் தட்டுகிறது, அவ்வளவுதான். திரை நின்றிருக்கும்போது அடுத்தடுத்து ஸ்கேன் செய்தால் அந்த எண்கள் காத்திருந்து, திரை திரும்ப வந்ததும் கர்சர் எங்கே இருக்கிறதோ அங்கே விழும். அந்த நேரத்தில் அடுத்த உறுப்பினரின் பக்கம் திறந்திருந்தால் முந்தையவர் எடுத்த புத்தகம் இவர் கணக்கில் ஏறிவிடும். எடுக்காத புத்தகத்துக்கு ஒருவருக்கு அபராத நோட்டீஸ் போவதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை, அவர் அதற்கப்புறம் நூலகப் பக்கமே வராமல் போகலாம். அதனால் திரை நின்றால் ஸ்கேனரைக் கீழே வைத்துவிடச் சொல்லுங்கள். உறுப்பினர் எண்ணையும் புத்தக எண்ணையும் தாளில் எழுதிக்கொண்டு அவரை அனுப்பிவிடலாம், பதிவைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

டெஸ்க்டாப்உதவி:

கணினிகளை ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டே வேலை பாருங்கள். நிற்கும்போது டிஸ்க் என்ற கட்டம் 100 சதவீதத்தில் நிற்கிறதா? 4 ஜிபி ரேமும் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கும் உள்ள கணினியில் பிரவுசரில் நாலைந்து டேப் திறந்தாலே ரேம் தீர்ந்து, விண்டோஸ் மீதியை டிஸ்க்கில் எழுதிப் படிக்க ஆரம்பிக்கும். அப்படியென்றால் எஸ்எஸ்டி (சுழலாத, வேகமான டிஸ்க்) போட்டு ரேமை 8 ஜிபி ஆக்கினாலே போதும், முழுக் கணினியையும் தூக்கிப் போட வேண்டாம்.

மாலையில் ஷட் டவுன் செய்துவிட்டுத்தான் போகிறோம் என்று நினைப்பீர்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் ஷட் டவுன் முழுதாக அணைக்காது, சிஸ்டத்தின் உட்பகுதியைச் சேமித்து வைத்து மறுநாள் அதையேதான் எழுப்பும். புதிதாகத் தொடங்க ரீஸ்டார்ட்தான் கொடுக்க வேண்டும். டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தில் அப்டைம் என்று இருக்கும், அது பல நாள் காட்டினால் இதுதான் விஷயம்.

தவிர ஒப்பந்தக்காரர் விண்டோஸ் 10 முடிந்துவிட்டது என்று சொன்னால் அது உண்மைதான், 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் பொதுவான ஆதரவை நிறுத்திவிட்டது. ஆனால் அது பாதுகாப்பு பற்றிய காரணம். கவுன்டர் ஹேங் ஆவதற்கு அதைக் காரணமாகக் காட்டி மொத்தமாகப் புதுக் கணினி வாங்க வைத்தால், வாங்கிய பிறகும் கவுன்டர் நிற்கும்.

நெட்வொர்க்காரன்:

சர்வரின் ஐபி எண்ணுக்குத் தொடர்ந்து பிங் (பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் கட்டளை) ஓடவிட்டு ஒரு ஓரத்தில் வைத்திருங்கள். ஒரே கட்டடத்துக்குள் கேபிளில் 1 மில்லிசெகண்டோ அதற்குக் குறைவோதான் வர வேண்டும். ஹேங் ஆகும்போது அது நூற்றுக்கணக்கில் ஏறினாலோ டைம்ட் அவுட் வந்தாலோ சர்வரைத் தொட வேண்டாம், கேபிளையும் ஸ்விட்சையும் பாருங்கள். எண் ஆடாமல் இருந்தால் நான் இந்த இழையிலிருந்து விலகிக்கொள்கிறேன், நெட்வொர்க் மேல் பழியில்லை. கவுன்டரில் வைஃபை மட்டும் வேண்டாம், நாள் முழுதும் ஒரே இடத்தில் நிற்கும் கணினிக்குக் கேபிள்தான் சரி.

டெஸ்க்டாப்உதவி:

ஆண்டிவைரஸையும் ஒரு நாள் நிறுத்தி வைத்துப் பாருங்களேன், வித்தியாசம் தெரிந்தால் சந்தேகம் தீர்ந்தது.

நெட்வொர்க்காரன்:

இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன் நண்பரே. கவுன்டர் கணினியில் உறுப்பினர்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் திறந்திருக்கிறது, படிப்பவர்கள் கொண்டுவரும் பென்டிரைவையும் அதில்தான் செருகுகிறார்கள். அங்கே ஒரு நாளென்ன, ஒரு மணி நேரம்கூட நிறுத்தச் சொல்லக் கூடாது. வேண்டுமானால் ஆண்டிவைரஸின் இணையக் கவசம் என்ற பகுதியில் உள் சர்வரின் முகவரியை மட்டும் விலக்கு கொடுங்கள். முழு ஸ்கேன் வேலை நேரத்தில் ஓடுமாறு வைத்திருந்தால் அதை மதிய இடைவேளைக்கு மாற்றுங்கள்.

டெஸ்க்டாப்உதவி:

உறுப்பினர் விவரம் என்று பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. விலக்கு கொடுப்பதே நல்லது.

வழங்கல்மேசை:

நோட்டு வைத்து எழுதினோம், பட்டியலறை சொன்னது மிகவும் உதவியது, இப்போது எனக்கே படம் வேறு மாதிரி தெரிகிறது. ஐந்து கணினியும் சேர்ந்து நிற்பது காலை 11 மணியை ஒட்டித்தான், ஏறக்குறைய தினமும். அப்போது இஷ்யூ, ரிட்டர்ன், உறுப்பினர் பக்கம் எதைத் தொட்டாலும் வட்டம்தான், கொஞ்ச நேரம் கழித்து எல்லாம் ஒரேயடியாக நகர்கிறது. வெள்ளையாவது ரிட்டர்ன் கவுன்டர் கணினி மட்டும், அதுவும் ரசீது அடிக்கக் கொடுக்கும்போது. இவை இரண்டும் இல்லாமல் பட்டியலாக்கத்தில் தலைப்புத் தேடல் சில பிற்பகல்களில் ரொம்ப இழுக்கிறது, அந்த நேரத்தில் கவுன்டரில் இஷ்யூவும் கொஞ்சம் தயங்குகிறது. பிங் எண் எப்போதும் 1தான். டிஸ்க் கட்டம் காலையில் கணினியைத் திறந்தவுடன் மட்டும் 100 போகிறது, அப்புறம் இறங்கிவிடுகிறது.

சர்வர்ரூம்:

அருமையான தகவல், இது மூன்று தனித்தனி பிரச்சினை. 11 மணி விஷயத்துக்கு உங்கள் சர்வர் ஆளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த நேரத்தில் கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் சர்வர் அமைப்பு) என்ன ஓடுகிறது? என் சந்தேகம் பேக்கப் மேல். மைசீக்வல் டம்ப் என்ற பேக்கப் கட்டளையை அப்படியே ஓடவிட்டால், படித்து முடிக்கும்வரை டேட்டாபேஸில் உள்ள எல்லா அட்டவணைகளையும் எழுத முடியாமல் பூட்டி வைக்கும். படிக்கலாம், எழுத முடியாது. இஷ்யூ என்பது எழுதும் வேலை, அது பூட்டு திறக்கும்வரை நிற்கும். உறுப்பினர் பக்கத்தைச் சும்மா திறப்பது ஏன் நிற்கிறது என்றால், லாகின் விவரத்தை டேட்டாபேஸில் வைக்குமாறு கோஹா அமைக்கப்பட்டிருந்தால் நீங்கள் பக்கம் மாறும் ஒவ்வொரு முறையும் அதில் நேரத்தைப் பதிகிறது. அதனால் கவுன்டர் மொத்தமும் நின்றுவிடும். பூட்டு திறந்ததும் காத்திருந்த எல்லாம் சேர்ந்து ஓடும், நீங்கள் சொல்கிற அந்த ஒரேயடியாக நகர்வது அதுதான்.

அடுத்த முறை நிற்கும்போது அவர் டேட்டாபேஸில் ஷோ ஃபுல் பிராசஸ்லிஸ்ட் கொடுத்துப் பார்க்கட்டும். பூட்டுக்காகக் காத்திருக்கும் வரிகள் அடுக்கடுக்காகத் தெரிந்தால் சந்தேகம் உறுதி.

ரிட்டர்ன் கவுன்டரில் எந்தப் பிரிண்டர் டிஃபால்ட்டாக இருக்கிறது என்று பாருங்கள்.

எஸ்கியூஎல்பயனர்:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், எங்கள் நூலகத்தில் பிரவுசர் இல்லை, ஒவ்வொரு கணினியிலும் நிறுவிய பழைய விண்டோஸ் சாஃப்ட்வேர், பின்னால் மைக்ரோசாஃப்ட்டின் இலவச டேட்டாபேஸ் பதிப்பான எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ். காலையில் முதல் இஷ்யூ மட்டும் ரொம்ப நேரம் எடுக்கிறது, மதிய இடைவேளைக்குப் பிறகும் அப்படித்தான். இதற்கும் பேக்கப்தான் காரணமா?

சர்வர்ரூம்:

இல்லை. சும்மா இருந்த பிறகு வரும் முதல் வேலை மட்டும் இழுக்கிறது என்றால் ஆட்டோ குளோஸ் என்ற அமைப்பைப் பாருங்கள். எக்ஸ்பிரஸ் பதிப்பில் உருவாக்கிய டேட்டாபேஸ்களில் பெரும்பாலும் அது ஆன் நிலையில் இருக்கும். கடைசி ஆள் வெளியேறியதும் டேட்டாபேஸை மூடிவிடும், அடுத்தவர் வந்ததும் மறுபடி திறக்கும். அதை ஆஃப் செய்தால் போதும், ஆபத்தில்லாத மாற்றம்.

டேட்டாபேஸ் கோப்பின் அளவையும் பாருங்கள். எக்ஸ்பிரஸில் 2008 ஆர்2 முதல் 2022 பதிப்பு வரை ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபிதான் எல்லை, அதைத் தொட்டால் புதிய பதிவு ஏறாது. ரேமும் அது ஓரளவுக்கு மேல் எடுத்துக்கொள்ளாது, அதனால் சர்வருக்கு 32 ஜிபி போட்டும் வேகம் கூடவில்லையே என்று குழம்ப வேண்டாம். அட்டைப்படங்களை டேட்டாபேஸுக்குள்ளேயே ஏற்றி வைத்திருந்தால் அதுதான் இடத்தை எல்லாம் தின்னும். சர்வரில் ஆண்டிவைரஸ் இருந்தால் டேட்டாபேஸ் கோப்புகள் இருக்கும் ஃபோல்டருக்கு விலக்கு கொடுக்கச் சொல்லுங்கள், மைக்ரோசாஃப்ட்டே பரிந்துரைப்பதுதான்.

வழங்கல்மேசை:

பேக்கப்தான். முன்பு இரவில் ஓடியதாம், இரவில் சர்வரை அணைக்க ஆரம்பித்த பிறகு வேலை நேரத்துக்கு மாற்றியிருக்கிறார்கள், நூலகத்துக்கு யாரும் சொல்லவில்லை. பிரிண்டரும் பிடிபட்டது. ரிட்டர்ன் கணினியில் டிஃபால்ட் பிரிண்டர், வேறு அறையில் எப்போதோ எடுத்துவிட்ட ஒரு நெட்வொர்க் பிரிண்டர். ரசீது பிரிண்டரை டிஃபால்ட் ஆக்கிவிட்டு அந்தப் பழையதை அழித்தோம், அதற்கப்புறம் அந்தக் கணினி ஒருமுறைகூட வெள்ளையாகவில்லை.

பேக்கப்பை நிறுத்தச் சொல்லட்டுமா?

பட்டியலறை:

நிறுத்தவே கூடாது. எங்கள் பட்டியல் ஊழியர்களின் பல வருட உழைப்பு, ஒரு டிஸ்க் போனால் அத்தனையும் போய்விடும். ஹேங் ஆனாலும் பேக்கப் இருக்கிற நூலகம்தான் எனக்கு நிம்மதி.

சர்வர்ரூம்:

ஆமாம், நிறுத்த வேண்டாம். அதே கட்டளையில் சிங்கிள் ட்ரான்சாக்ஷன் என்ற விருப்பத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். தொடங்கிய நொடியில் டேட்டாபேஸ் எப்படி இருந்ததோ அதைப் பூட்டில்லாமல் எடுத்துக்கொள்ளும், கவுன்டர் தன் பாட்டுக்கு ஓடும். அட்டவணைகள் இன்னோடிபி என்ற சேமிப்பு வகையாக இருந்தால்தான் இது பலிக்கும், கோஹாவில் அப்படித்தான் இருக்கும், ஆனாலும் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும். முடிந்தால் நூலகம் மூடிய பிறகு ஓடவிட்டு அதன் பின் சர்வரை அணைக்கலாம். இரவில் அணைப்பதால் நின்றுபோன வேறு வேலைகளும் இருக்கும், தவணை தாண்டிய அறிவிப்பு, அபராதக் கணக்கு, பழைய செஷன்களை (லாகின் பதிவுகளை) கழிப்பது எல்லாம் கிரானில் இரவில் ஓடுபவை. அவை ஓடுகின்றனவா என்று கேளுங்கள். அத்துடன் எடுத்த பேக்கப்பை வேறொரு கணினியில் திரும்ப ஏற்றிப் பார்த்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள், ஏற்றிப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று எண்ணுவதில்லை.

டெஸ்க்டாப்உதவி:

பிரிண்டர் விஷயத்தில் ஒரு சேர்க்கை. விண்டோஸ் அமைப்பில் டிஃபால்ட் பிரிண்டரை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் யாராவது ஒருநாள் வேறு பிரிண்டரில் ஒரு பக்கம் அடித்தாலே அது டிஃபால்ட் ஆகி ரசீது மறுபடி அங்கே போகும்.

வழங்கல்மேசை:

இரண்டும் செய்தாயிற்று, 11 மணி இப்போது மற்ற நேரம் மாதிரியே போகிறது. மிச்சம் இருப்பது பிற்பகல் தேடல். அதையும் கேட்டுவிடுகிறேன்: எங்கள் ஓபேக் (படிப்பவர்கள் தேடும் நூல் பட்டியல் பக்கம்) வெளியில் இணையத்தில் திறந்திருக்கிறது, அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா?

சர்வர்ரூம்:

நிறையவே. அதே சர்வர்தான் ஓபேக்குக்கும் பதில் சொல்கிறது. சமீப வருடங்களில் ஏஐ நிறுவனங்களுக்காகப் பக்கங்களை அள்ளும் பாட்கள் நூலகப் பட்டியல்களை விடாமல் தட்டுகின்றன. ஓபேக்கில் ஆசிரியர், பொருள், மொழி என்று வடிகட்டும் இணைப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து முடிவில்லாமல் கிளைக்கும், பாட் அத்தனையையும் தனித்தனித் தேடலாக ஓட்டும். ரோபாட்ஸ் கோப்பில் வராதே என்று எழுதினாலும் பல பாட்கள் மதிப்பதில்லை. வலைச் சர்வரான அப்பாச்சியின் லாகில் மெதுவான பிற்பகலை எடுத்து, அந்த ஒரு மணி நேரத்தில் யார் எத்தனை தேடல் செய்தார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். படிப்பவர்கள் தேடுவது போலவே இருக்காது, உடனே தெரிந்துவிடும். அப்படியானால் ஒரு முகவரிக்கு நிமிடத்துக்கு இத்தனை தேடல் என்று கட்டுப்பாடு போடலாம். படிப்பவர்களுக்கு ஓபேக்கை மூடிவிடாதீர்கள், அவர்களுக்காகத்தானே வைத்திருக்கிறோம்.

கோஹாவின் நிரலை ரேமில் தயாராக வைத்திருக்கும் பிளாக் என்ற பகுதி ஓடுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு பக்கத்துக்கும் கோஹா தன் பெர்ல் நிரல் முழுவதையும் புதிதாக ஏற்றும். ஓடினாலும் கான்ஃபிக் கோப்பில் பிளாக் ஒர்க்கர்ஸ் என்ற எண் இயல்பாக 2தான். அதாவது ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குத்தான் பதில், மூன்றாமவர் காத்திருக்க வேண்டும். ஒருவர் பெரிய ரிப்போர்ட் ஒன்றை ஓடவிட்டால் ஒரு ஒர்க்கர் அதிலேயே மாட்டிக்கொள்ளும், மீதி ஒன்றை ஐந்து ஊழியர்களும் வெளியுலகமும் பகிர வேண்டும். ரேம் தாங்கினால் கூட்டலாம், ஒவ்வொரு ஒர்க்கரும் கணிசமாக ரேம் பிடிக்கும் என்பதால் ஒன்றிரண்டாகக் கூட்டிப் பார்ப்பது நல்லது. மரியாடிபி தன் தரவுக்காக ரேமில் ஒதுக்கும் இன்னோடிபி பஃபர் பூல் அளவும் மாற்றாமல் விட்டால் 128 எம்பிதான், பட்டியல் பெரிதென்றால் அது போதவே போதாது. கடைசியாக, கோஹாவின் அபவுட் பக்கத்தில் சிஸ்டம் தகவல் என்ற டேப்பைப் பாருங்கள், மெம்கேஷ் (அடிக்கடி தேவைப்படுவதை ரேமில் வைக்கும் பகுதி) ஓடவில்லை என்பது போன்ற எச்சரிக்கைகள் அங்கேயே எழுதியிருக்கும், இதற்கு நூலகர் அனுமதியே போதும்.

நெட்வொர்க்காரன்:

லாக் அட்டவணையை மறந்துவிட்டோம். யார் எதை மாற்றினார்கள் என்று பதியும் அட்டவணை தானாகச் சுருங்காது, எத்தனை நாளுக்கு மேற்பட்டதை நீக்கலாம் என்று சொல்லிக் கொடுத்தால்தான் சுத்தம் செய்யும் நிரல் அதைத் தொடும்.

பட்டியலறை:

அதைச் செய்யும்போது ஸ்டாட்டிஸ்டிக்ஸ் அட்டவணையைத் தொட விடாதீர்கள். வருடாந்திர அறிக்கைக்கு இஷ்யூ எண்ணிக்கை அதிலிருந்துதான் வருகிறது. இடம் பிடிக்கிறதே என்று அதை அழித்தால் பழைய வருடங்களின் கணக்கே இல்லாமல் போகும்.

வழங்கல்மேசை:

ஒர்க்கர்ஸ் 2தான் இருந்தது, 4 ஆக்கிப் பிளாக்கை ரீஸ்டார்ட் செய்தார்கள். லாகில் ஒரே முகவரி வரிசையிலிருந்து தேடல்கள் குவிந்திருந்தன, அதற்குக் கட்டுப்பாடு போட்டிருக்கிறார்கள். தேடல் இப்போது நன்றாகவே இருக்கிறது, இன்னும் சில வாரம் நோட்டைத் தொடர்வோம். புதுக் கணினி கோரிக்கையை நிறுத்தி வைத்து, கவுன்டரின் மூன்றுக்கும் எஸ்எஸ்டி மட்டும் கேட்டு எழுதியிருக்கிறேன்.

துறைநூலகம்:

இதே இழையில் கேட்கலாமா? எங்களுக்கு எல்லாம் வேகம்தான், துறையின் பெயரில் இருக்கும் ஒரு உறுப்பினர் கணக்கைத் திறந்தால் மட்டும் பிரவுசர் திணறுகிறது. அந்தக் கணக்கில் ஆயிரக்கணக்கான புத்தகம் இருக்கிறது, உள்ளேயே படித்துவிட்டு வைத்த புத்தகங்களையும் அதில்தான் போடுகிறோம்.

பட்டியலறை:

அந்தக் கணக்கைத் திறந்ததும் அத்தனை புத்தகத்தையும் பட்டியலாக இழுக்கப் பார்க்கிறது, அதனால்தான். வழங்கல் பக்கத்தில் எடுத்த புத்தகங்களை எப்போதும் தானாகக் காட்டு என்று ஒரு டிக் இருக்கும், எடுத்துவிடுங்கள், தேவைப்படும்போது பட்டனை அழுத்திப் பார்த்துக்கொள்ளலாம். தானாகவே வர வேண்டும் என்றால் லோட் செக்அவுட்ஸ் டேபிள் டிலே என்ற அமைப்பில் சில நொடி கொடுங்கள், வரிசையாக ஸ்கேன் செய்யும்போது ஒவ்வொரு தடவையும் பட்டியலை இழுக்காது. உள்ளே படித்ததைத் துறைக் கணக்கில் போடவே வேண்டாம், ஸ்டாட்டிஸ்டிக்கல் வகையில் ஒரு உறுப்பினரை உருவாக்கி அவர் பெயரில் ஸ்கேன் செய்யுங்கள். புத்தகம் யார் கணக்கிலும் ஏறாது, பயன்பாடு மட்டும் எண்ணிக்கையில் சேரும். ஏற்கெனவே துறைக் கணக்கில் ஏறியிருப்பதை ரிட்டர்ன் போடுவதற்கு முன்னால் அந்தப் புத்தகங்கள் தட்டில் இருக்கின்றனவா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.